நொதி செய்யாத மாற்றம்: ஹெச்பிஏ1சி கண்டறியப்பட்ட கதை

1968-இல் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ரஹ்பர் வெளியிட்ட சிறு கட்டுரையின் தலைப்பிலேயே ‘இயல்புக்கு மாறான ஹீமோகுளோபின்’ என்ற பொருள்படும் தொடர் இடம்பெற்றிருந்தது. அன்றைய மருத்துவ வழக்கில் அத்தொடர் பெரும்பாலும் மரபணுப் பிழையால் விளைந்த புரதத்தையே சுட்டியது. 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் அரிவாளணுச் சோகையை மூலக்கூறு நோயென நிறுவியதன் செல்வாக்கு அது. மின்புலத்தில் இரத்தப் புரதங்களைப் பிரித்து அத்தகைய பரம்பரை வேறுபாடுகளைத் தேடியவர்தான் ரஹ்பரும். ஆனால் அவர் கண்ட புதிய பட்டை நீரிழிவு நோயாளிகளுடையது. மேலும் 47 நோயாளிகளைச் சோதித்தார். அனைவரிடமும் அது இருந்தது.

1962-இலேயே ஹூயிஸ்மனும் டோசியும் இம்மிகுதியைக் கண்டிருந்தனர். நோயாளிகள் உட்கொண்ட டால்பியூட்டமைடு மாத்திரையின் விளைவென்று கருதிவிட்டனர்.

நியூயார்க்கில் ஹெலன் ரானியுடன் ரஹ்பர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு, இது நலமுள்ளோரிடமும் சிறிதளவு காணப்படும் ஏ1சி என்று காட்டியது. அளவுதான் வேறு; தலைப்பின் அடைமொழி பொருந்தவில்லை.

எனில் இதை ஆக்கும் நொதி எது? 1970-களின் நடுவில் ஃபிராங்க்ளின் பன் குழுவினரின் ஆய்வுகள், நொதியே தேவையில்லை என்று காட்டின. தசையணுவைப் போலச் சிவப்பணு இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை; குளுக்கோஸ் தடையின்றி உள்ளே புகுந்து, ஏறத்தாழ 120 நாள் ஆயுள் முழுவதும் ஹீமோகுளோபினில் மெல்ல ஒட்டுகிறது. அணுவிலுள்ள நொதிகளும் இதற்குத் தப்புவதில்லை. சர்க்கரை ஒட்டிய சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் செயல் குன்றுகிறது. உட்கருவற்ற அணுவால் அதற்கீடாகப் புதியதை ஆக்கவும் இயலாது. ஆகவே இன்சுலின் இங்கே மறைமுகமாகவே உதவுகிறது: இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வந்தால் ஏ1சி-யும் தணிகிறது. இதனை 1976-இல் கோனிக், செராமி குழுவினர் நோயாளிகளிடம் காட்டினர்.

1979 புரட்சிக்குப்பின் ரஹ்பர் ஈரானைவிட்டு வெளியேறி, கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வகத்தில் பணியைத் தொடர்ந்தார். 2011-இல் உலக சுகாதார நிறுவனம் 6.5 விழுக்காட்டை நோயறியும் எல்லையாக ஏற்றது.

அவ்வெல்லை சிவப்பணுவின் இயல்பான ஆயுளை நம்பி நிற்பது. அணுக்கள் விரைந்து சிதையும் நோய்களில் ஏ1சி பொய்யாகத் தாழ்கிறது. இரும்புச்சத்துக் குறையில் உயர்ந்து தோன்றக்கூடும். இந்தியாவிலோ 15–49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகையுடையோர் என்கிறது ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு.