கி.பி. 1231–32: நெய்வேலி வட்டாரத்தில் ஓர் ஆண்டின் கணக்குகள்

மூன்றாம் இராசராச சோழனைக் காடவத் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததும் அவன் மீட்கப்பட்டதும் இவ்வாண்டுச் செய்தி. சேந்தமங்கலம் இன்றைய நெய்வேலி நகரியத்துக்கு வடமேற்கே உள்ளது. முதன்மைச் சான்று, வடகிழக்கே திருவயிந்திரபுரம் தேவநாயகப் பெருமாள் கோயில் கல்வெட்டு.

அக்கல்வெட்டு ஆண்டைப் ‘பதினைந்தாவதின் எதிராமாண்டு’ என்கிறது. பதினைந்துக்கு அடுத்தது, அதாவது 16-ஆம் ஆட்சியாண்டு. நேராகப் பதினாறு எனப் பொறிக்காததற்கு இளவரசுப் பட்டம் வேறு, முடிசூட்டு வேறு என்று காரணம் காட்டுவோர் உண்டு, எல்லாரும் ஏற்றதில்லை.

நிகழ்ச்சி விரிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. சோழனை நிலைநிறுத்தியவன் என்ற பெயரைக் காத்தாலன்றிக் காளம் ஊதுவதில்லை என்று சொல்லிப் போசள மன்னன் நரசிம்மன் துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டான். திருவரங்கத்தை அடுத்த பாச்சூரில் தான் தங்கி, அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்னும் தண்டநாயக்கர் இருவரை அனுப்பினான். அவர்கள் காடவனின் ஊர்களை அழித்துச் சேந்தமங்கலம் நெருங்கியதும் சோழன் விடுவிக்கப்பட்டான். ஆண்டுக் கணக்கு மட்டும் சிறைப்பட்டவனுடையதாகவே நிற்கிறது. மீட்டவனின் ஆட்சியாண்டு இடம்பெறவில்லை.

இராசராசனின் ஆட்சித் தொடக்கத்தைக் கல்வெட்டறிஞர் கீல்ஃகார்ன் 1216-ஆம் ஆண்டு சூன் இறுதிக்கும் சூலை முற்பகுதிக்கும் இடையே வைத்தார். அம்மன்னனின் வேறு கல்வெட்டுகளில் உள்ள கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றும் ஒருசேரப் பொருந்தும் நாளைத் தேடுவதே வழி. இத்தேடலை எளிதாக்கிய பெருமை எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகளுக்கு உரியது. பொறுமையின் உச்சம் அவை.

இதன்படி 16-ஆம் ஆட்சியாண்டு 1231 நடுவில் தொடங்கி 1232 நடுவில் முடியும். கர ஆண்டின் பெரும்பகுதியும் நந்தனவின் தொடக்கமும் அதில் அடங்கும். சகம் 1153–54, கலி 4332–33 (இரண்டும் கழிந்த ஆண்டுகள்), கொல்லம் பெரும்பாலும் 407, இசுலாமியக் கணக்கில் 628–629. அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரை மட்டும் நம்ப இயலாது. கர 2011-லும் வந்தது.

கோப்பெருஞ்சிங்கனின் சொந்த ஆட்சியாண்டுகள் 1243 முதல் எண்ணப்படுகின்றன. அப்பெயரில் இருந்தவர் ஒருவரா, தந்தையும் மகனுமான இருவரா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது.

1957-இல் நடுவணரசு சக ஆண்டைத் தேசிய நாட்காட்டியாக்கியது. தமிழக அரசின் திருவள்ளுவர் ஆண்டில் கி.பி. ஆண்டுடன் 31 கூடும், எனவே 1231–32 அதில் 1262–63. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய 1956 நவம்பர் 14, சகம் 1878, துன்முகி ஆண்டு, திருவள்ளுவர் ஆண்டு 1987.