கால் அழுத்த முறிவைப் படமெடுத்துக் கண்டறிதல்

அழுத்த முறிவு, விழுந்தோ அடிபட்டோ வருவதல்ல. பழகாத சுமை நாள்தோறும் ஏறி, உடல் புதுப்பிக்கும் வேகத்தை மிஞ்சி எலும்பு தேயும்போது விழும் மயிரிழை விரிசல் அது. முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பிலும் பாதத்தின் நீள எலும்புகளிலும் மிகுதியாக வரும். காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும் என்று திடீரெனப் பயிற்சியில் இறங்கும் இளைஞர்களுக்கும், பழக்கமில்லாமல் பாரத்தோடு மலையேறி இறங்குபவர்களுக்கும் இது வரக்கூடும்.

இந்நோய் படத்துக்கு முன்பே பெயர் பெற்றது. 1855இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்தாப்ட், நெடுந்தூரம் அணிநடை போன வீரர்களின் வீங்கிய பாதங்களைப் பற்றி எழுதினார். அது எலும்பின் முறிவு என்று அவருக்குத் தெரிய வழியில்லை. 1895 நவம்பரில் ரோன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். 1897இல் ஸ்டெக்கோ என்பவர் இத்தகைய வீரர்களின் பாதங்களில் முறிவைப் படத்தில் காட்டினார். ஓட்டக்காரர்களின் முன்னெலும்பு வலிக்குப் பின்னால் முறிவு இருப்பதை 1958இல் தேவாஸ் என்பவர் விரித்து எழுதினார். ஸ்டெக்கோ காலம்தொட்டு ஓர் உண்மை மாறவில்லை: எக்ஸ்ரே பெரும்பாலும் காட்டுவது விரிசலை அல்ல, விரிசலை உடல் ஒட்டவைக்கும் வேலையை. எலும்பின் விளிம்பை ஒட்டிப் பஞ்சுத் திரி வைத்தாற்போல ஒரு வெண்மை படரும். அது படர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்கு முன் எடுத்த படத்தில் பாதிக்கும் மேற்பட்ட முறிவுகள் தப்பிவிடும். ஆகவே முதல் படத்தைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்புவது நோயறிதல் ஆகாது.

அப்படியானால் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே என்பார்கள். எலும்பின் உள்ளே ஊறும் நீர்க்கோவையை அது தொடக்கத்திலேயே காட்டும், கதிர்வீச்சும் இல்லை. அதைக் கொண்டு 1995இல் ஃபிரெடெரிக்சன் குழுவினர் வகுத்த காயத்தின் படிநிலைகள் இன்றும் பயன்படுகின்றன. ஆனால் வலியே இல்லாத ஓட்டக்காரர்களிடமும் அந்த நீர்க்கோவை தெரிவதுண்டு. விரல் வைத்து அழுத்தும்போது நோகும் இடமும் படம் காட்டும் இடமும் ஒன்றாக இருந்தால்தான் அது சாட்சி. தவிர, கொல்லிமலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் கடந்து காரவள்ளிக்கு இறங்கி, அங்கிருந்து நகரத்துக்குப் போய்த்தான் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியும் என்றால், அதற்காகக் காத்திருக்கும் நாளெல்லாம் கால் நடந்துகொண்டேதான் இருக்கும். அதைவிட, முறிவு என்றே கருதி ஓய்வு கொடுத்து, மூன்றாம் வாரம் மறுபடம் எடுப்பது மேல். தாமதம் ஆபத்தல்லவா என்றால், ஓய்வோடு காத்திருப்பது தாமதம் ஆகாது. எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு ஓடவைப்பதுதான் ஆபத்து. குறிப்பாக இரண்டு இடங்களுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. தொடையெலும்பின் கழுத்தில், அதாவது இடுப்பு மடிப்பில் வலித்தால் காலை ஊன்றவிடாமல் உடனே எம்.ஆர்.ஐ.க்கு அனுப்ப வேண்டும். முன்னெலும்பின் முன்பக்க நடுவில் படத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால், அது எளிதில் கூடாத முறிவு. எலும்பு மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

ஸி.டி., ஐசோடோப்பு ஸ்கேன் ஆகியவை இன்று துணைச் சோதனைகளாகவே நிற்கின்றன. வலி தீராதவர்கள் முதல் எக்ஸ்ரேயைத் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருந்து, மூன்றாம் வாரம் அதே கோணத்தில் இன்னொரு படம் எடுக்கச் சொல்லி, இரண்டையும் ஒரே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.