இரண்டு ‘தெரிகிறது’: காட்சித் திரிபும் தெளிந்த அறிவும்

‘தெரி’ என்னும் வினை தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. மலை தெரிகிறது என்றால் கண்ணுக்குப் படுகிறது. கணக்குத் தெரியும் என்றால் அறிவில் இருக்கிறது. அன்றாட வாழ்வில் இவ்விரண்டும் ஒட்டியே போவதால் வேறுபாட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட் சிண்ட்ரோம் என்று மருத்துவம் பெயரிட்டிருக்கும் நிலையில் இரண்டும் சில நிமிடங்களுக்குப் பிரிந்துவிடுகின்றன. “கை பெரிதாகத் தெரிகிறது, பெரிதாகவில்லை என்பதும் தெரிகிறது” என்பதுதான் நோயாளியின் முழு வாக்குமூலம். முதல் பாதி நோயைச் சொல்கிறது. இரண்டாம் பாதி அந்த நோய் எதைத் தொடவில்லை என்பதைச் சொல்கிறது. கேட்பவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வதே தவறான நோயறிதலுக்கும் நோயாளியின் நெடுநாள் மௌனத்துக்கும் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒற்றைத் தலைவலிக்காரர்கள் சிலர் தம் உடல் நீள்வதாகவும் குறுகுவதாகவும் உணர்ந்ததை 1952-இல் காரோ லிப்மன் பதிவு செய்தார். 1955-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் டாட், கனடிய மருத்துவ சங்க இதழில் எழுதிய கட்டுரையில் அதற்கு ஆலிஸின் பெயரைச் சூட்டினார். பொருள்கள் சிறுத்துத் தெரியும் மைக்ராப்சியா, பெருத்துத் தெரியும் மேக்ராப்சியா, எதிரே இருப்பவர் எட்டாத் தொலைவுக்கு விலகிவிட்டதாகத் தெரியும் டெலியாப்சியா, நேர்கோடுகள் வளைந்து தெரியும் மெட்டமார்ஃபாப்சியா எல்லாம் இன்று இந்தப் பெயரின்கீழ் வருகின்றன. பெரியவர்களிடம் ஒற்றைத் தலைவலியும், குழந்தைகளிடம் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றும் இதற்கு முக்கியக் காரணங்கள். வலிப்பு நோயிலும் வரும். டாட் எழுதியது முதல் 2016 வரை மருத்துவ இதழ்களில் வெளியான நோயாளி விவரங்களைத் தொகுத்த யான் டிர்க் பிளோம் கண்டவை இருநூறுக்கும் குறைவு. ஆனால் 1989-இல் ஜப்பானியப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில், பொருள்கள் சிறுத்தோ பெருத்தோ தெரிந்த அனுபவம் உண்டு என்று நூற்றுக்கு ஆறேழு பேர் சொன்னார்கள். இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நோயின் அருமை என்று கொள்ள இயலாது. நிமிடங்களில் தானே மறைந்துவிடுவதால் பலர் மருத்துவரிடம் போகாமல் இருக்கலாம். சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சூட்டிய பெயரும் உதவவில்லை. கதையில் ஆலிஸ் குடித்ததும் உண்மையாகவே குறுகிவிடுகிறாள். கண்ணாடி மேசைமேல் இருக்கும் சாவி அவளுக்கு எட்டுவதில்லை. நோயாளிக்குச் சாவி எட்டும். எட்டும் என்று அவருக்குத் தெரியவும் தெரியும். லூயிஸ் கரோல் தம் ஒற்றைத் தலைவலி அனுபவத்தையே கதையாக்கினார் என்ற பேச்சும் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது. அவர் 1856-இல் கண் மருத்துவரைப் பார்த்த குறிப்பு இருப்பது உண்மை. ஆனால் கோட்டை மதில் போன்ற ஒளிக்கோடுகளை அவர் நாட்குறிப்பில் தெளிவாக எழுதுவது 1880-களில். கதை வெளிவந்தது 1865-இல்.

அளவு என்பது கண்ணிலிருந்து வரும் செய்தியே அன்று என்பதை நினைத்தால் இந்தப் பிரிவு அவ்வளவு விந்தையாகப் படாது. ஒரு கையை முழுதாக நீட்டி, மற்றொரு கையை அதில் பாதித் தொலைவில் வைத்துப் பாருங்கள். விழித்திரையில் அருகிலுள்ள கையின் பிம்பம் இரு மடங்கு நீளம். ஆனாலும் இரண்டு கையும் ஒரே அளவாகவே தோன்றும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று படும்படி நகர்த்தினால்தான் கிட்டத்துக் கை தூரத்துக் கையை விழுங்குவது புலப்படும். 1881-இல் எமில் எம்மெர்ட் காட்டியதும் இதையே: பளிச்சென்ற உருவம் ஒன்றை உற்றுப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தால், சுவர் தள்ளியிருக்க இருக்கப் பின்பிம்பம் பெருக்கும், விழித்திரையில் பதிந்த தடமோ மாறாதது. நீண்ட நடைக்கூடப் படம் ஒன்றில் ஒரே அளவுள்ள இரண்டு பந்துகளை முன்னும் பின்னுமாக வரைந்து மூளையைப் படமெடுத்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில், தூரத்தில் இருப்பதுபோல் வரைந்த பந்து பார்வையாளர்களுக்கு ஏறத்தாழ 17 விழுக்காடு பெரிதாகத் தெரிந்தது. மூளையின் முதன்மைப் பார்வைப் புறணியிலும் அது கூடுதல் இடம் பிடித்தது. அளவு மூளை போடும் கணக்கு. அந்தக் கணக்கு எல்லாருக்கும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நோயாளிக்கு அது சற்று நேரம் பிசகுகிறது. பிசகைப் பிசகென்று கண்டுகொள்ளும் அறிவு வேறோரிடத்தில் சேதமின்றி இருக்கிறது.

பழைய அளவை நூலார் இந்த வேறுபாட்டின் அருகே வந்தவர்கள். மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைவாதி எட்டு ஆபாசங்களை, அதாவது போலி அளவைகளை, அடுக்கும்போது, ஒன்றை வேறொன்றாகக் கொள்ளும் திரியக்கோடலுக்குச் சிப்பியை வெள்ளி என்று எண்ணுவதை எடுத்துக்காட்டாகத் தருகிறான். கயிற்றரவும் இந்த இனமே. விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு போய்விடும். பிறகு வரவழைத்தாலும் வராது. ஆனால் கானல்நீர் அப்படியன்று. தண்ணீர் இல்லை என்று நன்றாகத் தெரிந்த பிறகும் தார்ச்சாலையில் அது பளபளத்துக்கொண்டே இருக்கும். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்ற பழமொழியும் இதைச் சேர்ந்ததே. (காமாலையில் விழி மஞ்சளாகுமே ஒழிய உலகம் மஞ்சளாகத் தெரிவது மிக அரிது, பழமொழியை மருத்துவமாகக் கொள்ள வேண்டியதில்லை.) முதல் வகையில் பிழை முடிவில் இருக்கிறது, அறிவு வந்ததும் தீர்கிறது. இரண்டாம் வகையில் பிழை தோற்றத்தில் இருக்கிறது, அறிவு அதை அசைப்பதில்லை. நாம் பேசும் நோய் கானல்நீர் இனம். பிரமை, சித்தப்பிரமை என்ற சொற்களோ அதைக் கயிற்றரவு இனத்தில் தள்ளி, நோயாளியின் அறிவின்மேல் பழி போடுகின்றன.

இதற்கு மிகத் துல்லியமான சான்று 2024-இல் லான்செட் இதழில் வந்தது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் பரிசோதித்த 58 வயதுக்காரருக்கு நேரில் பார்க்கும் முகமெல்லாம் விகாரமாகத் தெரியும்: காதும் மூக்கும் வாயும் இழுபட்டு, நெற்றியிலும் கன்னத்திலும் ஆழக் கீறல் விழுந்தாற்போல. அதே முகம் திரையில் வந்தால் இயல்பாக இருக்கும். ஒருவரை எதிரே உட்கார வைத்து, அவருடைய புகைப்படத்தையும் பக்கத்தில் காட்டி, நேர்முகம் எப்படித் தெரிகிறதோ அப்படியே படம் மாறும்வரை நோயாளி சொல்லச் சொல்லத் திருத்தினார்கள். தன் காட்சியின் பிசகைத் தானே நிதானமாக ஒப்பிட்டு அளந்து சொல்லக்கூடியவரை மனம் பேதலித்தவர் என்று எப்படிச் சொல்வது? ஆயினும் இத்தகையோர் சிலர் மனச்சிதைவு நோயாளிகள் என்று கணிக்கப்பட்டு அதற்குரிய மாத்திரைகளை உட்கொண்டிருக்கிறார்கள் என்பதை அதே ஆய்வாளர்கள் தெரிவித்திருக்கிறார்கள்.

நோயாளி ‘தெரியும்’ என்பது வாய்ச்சொல்தானே, திரிபு வந்ததும் படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்பவர் உள்ளூர அதை நம்புகிறவர்தானே என்று கேட்கலாம். கைப்பிடிச் சுவர் உறுதியானது என்று தெரிந்தும் ஆழ்கிணற்றை எட்டிப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. அது பொய்நம்பிக்கை ஆகாது. உடல் காட்சிக்குப் பதில் சொல்கிறது, அவ்வளவே. மனச்சிதைவிலும் காட்சித் திரிபு வருமே என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. வரும். அங்கே தோற்றமும் முடிவும் இரண்டுமே பிசகுகின்றன. இரண்டையும் தனித்தனியே விசாரித்தால்தான் அதுவும் பிடிபடும். ஆனால் ஓர் எல்லையை ஒப்புக்கொள்ள வேண்டும். தெளிவு இருப்பதனால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. மூளை அழற்சியின் தொடக்கத்திலும், க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் போன்ற கொடிய நோயிலும் இதே திரிபுகள் வரலாம்; காய்ச்சலோடும் வலிப்போடும் வந்தாலும், முதுமையில் திடீரென்று வந்தாலும் நரம்பியல் பரிசோதனை கட்டாயம். ஒரு கண்ணை மூடினால் கோணல் மறைகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் மூடிய அந்தக் கண்ணின் விழித்திரையில் இருக்கும்.

ஆகவே நோயாளிக் குறிப்பில் இரண்டு வரிகள் வேண்டும்: என்ன தெரிகிறது, அதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். வீட்டிலும் இதைக் கேட்கலாம். “அம்மா, நீ ரொம்பத் தூரத்துல தெரியிற” என்று குழந்தை சொன்னால், அதட்டாமல், “நான் எங்கே உட்கார்ந்திருக்கேன்?” என்று கேளுங்கள். “பக்கத்துலதான்” என்று சொல்லிக் கை நீட்டித் தொட்டால், மருத்துவரிடம் போகும்போது அந்தப் பதிலையும் மறக்காமல் சொல்லுங்கள்.