ஊர் மாறிய கல்: தீட்டுக்கல் சொல்லும் வைக்கிங் வரலாறு

ஆசிரியர்களே, மாணவர்களே, ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குவோம். வைக்கிங் காலம் எப்போது தொடங்கியது? உலக வரலாறு படித்தவர்கள் யோசிக்காமல் சொல்லும் பதில் கி.பி. 793. தேர்வில் அப்படி எழுதினால் யாரும் தப்பு என்று சொல்லப் போவதில்லை. ஆனால், அந்த ஆண்டுக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது? அதை அசைத்துப் பார்க்கும் சான்று எங்கிருந்து வந்தது? இப்படிக் கேட்டால்தான் கதை சூடு பிடிக்கும். ஏனென்றால் அந்தச் சான்று, கத்தி தீட்டுகிற சாதாரணக் கல். ஆமாங்க, நம்ம வீட்டு அடுப்படியில் ஒரு மூலையில் கிடக்குமே, அதே தீட்டுக்கல்தான்.

வைக்கிங் வரலாறு உங்கள் பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் படித்து வையுங்கள். ஒரு சான்றை எப்படிக் கேள்வி கேட்பது, அதிலிருந்து எதுவரை முடிவு சொல்லலாம் என்ற பயிற்சி எல்லா வரலாற்றுத் தாளுக்கும் உதவும்.

793: பாடநூல் சொல்லும் கதை

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் லிண்டிஸ்பார்ன் என்று ஒரு சிறிய தீவு. அங்கே ஒரு கிறிஸ்துவ மடம் இருந்தது. 793ஆம் ஆண்டு ஜூன் மாதம் கடல் வழியாக வந்த வடநாட்டுக்காரர்கள் அந்த மடத்தைச் சூறையாடினார்கள். துறவிகளைக் கொன்றார்கள், பொருள்களை அள்ளிச் சென்றார்கள். அக்கால ஆங்கிலேயர்கள் இந்தச் செய்தியை எழுதி வைத்தார்கள். அறிஞர் அல்குயின் எழுதிய கடிதங்களில் அந்த அதிர்ச்சியை இன்றும் படிக்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்க. எழுதியவர்கள் அடி வாங்கிய தரப்பு. அடித்த தரப்பு அந்தக் காலத்தில் புத்தகம் எழுதும் பழக்கம் இல்லாத மக்கள். அதனால் நமக்குக் கிடைத்த கதையில் வைக்கிங்குகள் திடீரென்று அடிவானத்திலிருந்து முளைத்து வந்தவர்கள் மாதிரித் தெரிகிறார்கள். அதற்கு முன் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கடலைக் கடக்க எப்படிக் கற்றார்கள்? இதற்கு எழுத்துச் சான்றில் நேரடிப் பதில் இல்லை. மண்ணைத்தான் தோண்ட வேண்டும்.

தீட்டுக்கல் ஏன் அவ்வளவு முக்கியம்?

கத்தியின் கூர் என்பது இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோடு. வெட்ட வெட்ட அந்தக் கோடு தேய்ந்து உருண்டுவிடும். அதைத்தான் மழுங்கிப் போச்சுன்னு சொல்கிறோம். தீட்டும்போது கல் இரண்டு பக்கமும் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்து, அந்தச் சரிவுகளை மறுபடி சந்திக்க வைக்கிறது.

எந்தக் கல்லிலும் இது நடக்காது. இரும்பைச் சுரண்ட இரும்பைவிடக் கடினமான துகள் வேண்டும். குவார்ட்ஸ் என்னும் படிகத் துகள் அதற்குப் பொருத்தம். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் இடம் 7. கத்தி இரும்பு பெரும்பாலும் அதற்குக் கீழேதான் வரும். அந்தத் துகள்கள் ஒரே அளவில், பொடியாக இருக்க வேண்டும். பெரிதும் சிறிதுமாகக் கலந்திருந்தால் கூர் பல்லுப் பல்லாகிவிடும். துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பகுதி கொஞ்சம் மென்மையாக இருந்தால் நல்லது. அப்போதுதான் தேய்ந்த துகள் உதிர்ந்து புதிய துகள் மேலே வரும். மைக்கா கலந்த சில அடுக்குப்பாறைகளில் இத்தனையும் ஒன்றாக அமைந்திருக்கும். அவை நீளவாக்கில் பிளந்து வருவதால் கைக்கு அடக்கமான பட்டைகளாக உடைப்பதும் சுலபம்.

இப்படிப்பட்ட பாறை எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் தேவையோ எல்லா ஊரிலும் உண்டு. தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்க. பால்வெட்டு உளி மழுங்கினால் பட்டை கிழியும், மரத்துக்குக் காயம் படும். தீட்டாமல் வேலைக்குப் போக முடியாது. வடஐரோப்பாவிலும் அதே கதைதான். அரிவாள், கோடரி, கத்தி, கத்தரி எல்லாம் கல்லை நம்பித்தான் இருந்தன. பலர் சிறிய தீட்டுக்கல்லில் ஓட்டை போட்டு இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். வைக்கிங் காலக் கல்லறைகளில் அப்படிப்பட்ட கற்கள் நிறையக் கிடைத்துள்ளன.

தேவை எல்லா இடத்திலும், கல் சில இடத்தில் மட்டும். அப்படியானால் நடுவில் வாணிபம் வந்தே ஆக வேண்டும் இல்லையா? அங்கேதான் வரலாற்று ஆய்வாளருக்கு வேலை தொடங்குகிறது.

கல்லுக்குச் சொந்த ஊர் கண்டுபிடிப்பது

மண்பானைக்குக் குயவர் கைவண்ணம் இருக்கும். நாணயத்தில் அரசர் பெயர் இருக்கும். வெறும் கல்லில் என்ன இருக்கும்? அது பிறந்த பாறையின் அடையாளம் இருக்கும்.

ஆய்வாளர்கள் கல்லிலிருந்து ஒரு சிறு சீவலை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சுமார் 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ப்பார்கள். அவ்வளவு மெல்லிசான பிறகு கல் வழியாகவே வெளிச்சம் போகும். நுண்ணோக்கியில் வைத்தால் எந்தத் தாது எவ்வளவு, துகள் என்ன அளவு, எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். அதோடு வேதியியல் சோதனையும் செய்வார்கள். பிறகு பழைய குவாரிகளுக்குப் போய் எடுத்து வந்த மாதிரிகளோடு ஒப்பிடுவார்கள். பொருந்தினால், இந்தக் கல் இந்த மலையிலிருந்து வந்தது என்று சொல்லலாம்.

ரீபே சொன்ன சேதி

டென்மார்க்கின் மேற்குப் பகுதியில் ரீபே என்னும் ஊர் இருக்கிறது. ஸ்காண்டிநேவியாவின் மிகப் பழைய நகரம் என்று பெயர் பெற்றது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு சந்தை உருவானது. மணி செய்பவர், சீப்பு செய்பவர், வெண்கலம் வார்ப்பவர் எல்லாரும் அங்கே கூடினார்கள். அகழாய்வில் அந்தச் சந்தையின் மண் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெளிவாகக் கிடைத்தன. மரத்துண்டுகளின் ஆண்டு வளையங்களையும் நாணயங்களையும் வைத்து ஒவ்வோர் அடுக்குக்கும் காலம் குறிக்க முடிந்தது.

அந்த அடுக்குகளில் கிடைத்த தீட்டுக்கற்களை இரேன பாவ்க், டாக்ஃபின் ஸ்க்ரெ உள்ளிட்ட நார்வே நாட்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். முடிவு 2019இல் ஆய்விதழில் வந்தது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்க அடுக்குகளிலிருந்தே பல கற்கள் மோஸ்டாட்மார்க்கா என்னும் இடத்துப் பாறையோடு பொருந்தின. அந்த இடம் நார்வேயின் நடுப்பகுதியில், இன்றைய ட்ரொன்ஹைம் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரீபேக்குக் கடல் வழி சுமார் 1,100 கிலோமீட்டர்.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. லிண்டிஸ்பார்ன் தாக்குதல் நடந்தது 793இல். அதற்கு இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பே நடு நார்வேயின் கல் டென்மார்க் சந்தைக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த நீண்ட கடற்கரையைத் தாண்டிச் சரக்கு ஏற்றி வரும் கப்பலும் ஆளும் வழி அறிவும் அப்போதே இருந்திருக்க வேண்டும்.

கல்லோடு வேறு சரக்கும் வந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். தோல், இறகு, கயிறு எல்லாம் மண்ணில் மக்கிப் போகும். கல் மட்டும் மக்காமல் நிற்கும். ஆகவே தீட்டுக்கல்லை, அழிந்துபோன சரக்குகளுக்கும் சேர்த்துச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மற்றச் சான்றுகள் ஒத்துப் போகின்றனவா?

ஒரே ஒரு சான்றை வைத்து முடிவு எழுதக் கூடாது. பக்கத்துச் சான்றுகளையும் கூப்பிட்டு விசாரிப்போம்.

முதலில் ரெய்ன்டீர் மான் கொம்பு. ரீபேயில் சீப்பு செய்தவர்கள் கழித்துப் போட்ட கொம்புத் துண்டுகளைப் புரதச் சோதனை செய்தபோது, சில துண்டுகள் ரெய்ன்டீர் மானுடையவை என்று தெரிந்தது. அவை 793க்கு முந்தைய அடுக்குகளிலும் இருந்தன. ரெய்ன்டீர் அந்தக் காலத்து டென்மார்க்கில் வாழாத விலங்கு. கொம்பு வடக்கிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அடுத்து ஓத்தெரே என்ற வடநார்வே மனிதரின் பேச்சு. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவர் இங்கிலாந்து அரசர் ஆல்பிரடிடம் தம் பயணத்தைச் சொன்னார். அது அப்போதே எழுதி வைக்கப்பட்டது. நார்வே கரையோரமாகத் தெற்கே வந்து, டென்மார்க் பக்கத்து ஹெடெபி சந்தை வரை போன வழியை அவர் விவரிக்கிறார். விலங்குத் தோல், இறகு, தோல் கயிறு பற்றியும் பேசுகிறார். கல்லின் வழியும் ஓத்தெரேயின் வழியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஓத்தெரேயின் காலம் தாக்குதலுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டு பிந்தியது. அதனால் அவர் பேச்சை மட்டும் வைத்து 8ஆம் நூற்றாண்டைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. அந்த இடைவெளியைக் கல்தான் நிரப்புகிறது.

மூன்றாவது ஒரு சிறு குறிப்பு. லிண்டிஸ்பார்னுக்குச் சில ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் தெற்குக் கரையில் மூன்று கப்பல்கள் வந்து இறங்கின. விசாரிக்கப் போன அரசு அதிகாரியைக் கொன்றார்கள். வந்தவர்களை வணிகர்கள் என்று அவர் நினைத்துப் போனதாக எதெல்வேர்ட் என்பவர் எழுதியிருக்கிறார். சுவையான தகவல்தான். ஆனால் எதெல்வேர்ட் எழுதியது 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள். இதை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்க.

கல்லால் சொல்ல முடியாதவை

சான்றின் பலத்தோடு பலவீனத்தையும் எழுதத் தெரிய வேண்டும். கல் வந்தது என்று சொல்லலாம். யார் கொண்டு வந்தார் என்று கல் சொல்லாது. மோஸ்டாட்மார்க்காவிலிருந்து ஒரே கப்பல் நேராக வந்ததா, ஊர் ஊராகக் கை மாறி வந்ததா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

பனியுகத்தில் பனிப்பாறைகளும் நார்வே கற்களை டென்மார்க் வரை இழுத்து வந்தன. அப்படியானால் இந்தக் கல்லும் தானாகவே வந்து கிடந்திருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. பனி கொண்டு வந்து போட்ட கற்கள் பல மலைகளின் கற்களாகக் கலந்து, உருண்டு தேய்ந்து கிடக்கும். தீட்டுவதற்கு ஏற்ற ஒரே குவாரியின் கல் மட்டும் ஒரு சந்தையில் திரும்பத் திரும்பக் கிடைத்தால், அங்கே மனிதர் கை இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. வாணிபம் முன்பே இருந்தது என்பதால் சூறையாடல் பொய் ஆகிவிடாது. லிண்டிஸ்பார்னில் இரத்தம் சிந்தியது உண்மை. மாறுவது நம் விளக்கம்தான். கடல் வழியும் சந்தையும் செல்வம் இருக்கும் இடமும் முன்பே தெரிந்த சமூகத்திலிருந்துதான் சூறையாடிகள் புறப்பட்டார்கள் என்று இப்போது எழுதலாம். திடீரென்று முளைத்தவர்கள் என்று எழுதுவதைவிட இது பொருத்தம்.

பிறகு என்ன ஆனது?

பின்னாளில் தெற்கு நார்வேயின் டெலிமார்க் பகுதியில் உள்ள எய்ட்ஸ்போர்க் கல் முன்னுக்கு வந்தது. வெளிர் சாம்பல் நிறம், பொடித் துகள். மலையில் உடைத்த கல்லைக் கீழே பாண்டாக் ஏரிக்கு இறக்கி, நீர்வழியாகக் கடற்கரைக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து பல நாடுகளுக்குச் சென்றது. இடைக்காலம் முழுக்க அந்தக் கல்லுக்கு மவுசு குறையவில்லை. 1890களில் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் கார்போரண்டம் என்னும் செயற்கைச் சாணைப் பொருளைத் தயாரிக்கும் முறையைக் கண்டார். தொழிற்சாலைக் கல் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் மலைக்கல்லின் சந்தை சுருங்கியது. எய்ட்ஸ்போர்க்கில் கல் உடைக்கும் தொழில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு ஓய்ந்துபோனது.

வகுப்பறைக்கு

ஆசிரியர்களுக்கு: கீழ்க்காணும் கேள்விகளைக் குழு நடவடிக்கைக்குப் பயன்படுத்தலாம்.

1. அல்குயின் கடிதம், ஓத்தெரேயின் பேச்சு, எதெல்வேர்டின் குறிப்பு, ரீபே தீட்டுக்கல் ஆகிய நான்கையும் காலவரிசைப்படி அடுக்குக. 793ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு எது மிக அருகில் உள்ளது?

2. தீட்டுக்கல்லைச் சான்றாகக் கொண்டு உறுதியாகச் சொல்லக்கூடிய இரண்டு கருத்துகளையும், ஊகமாக மட்டும் சொல்லக்கூடிய இரண்டு கருத்துகளையும் எழுதுக.

3. “793இல் வைக்கிங் காலம் தொடங்கியது.” இக்கூற்றை ஏற்கிறீரா? காரணங்களுடன் விளக்குக.

மாணவர்களுக்கு: மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்றும் எழுதலாம், ‘இல்லை’ என்றும் எழுதலாம். எதைத் தொடக்கம் என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள், சூறையாடலையா, கடல் வாணிபத்தையா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் சான்றுகளை மட்டும் அடுக்கினால் விடை வலுவாக நிற்காது.

மொழிப் பயிற்சிக்கும் ஒன்று: ‘தீட்டிய மரத்திலேயே கூர் பார்ப்பது’ என்ற பழமொழியின் பொருளைக் கண்டறிந்து, சூழல் ஒன்றை எழுதுக. தீட்ட உதவியதையே வெட்டிப் பார்ப்பவர் எப்படிப்பட்டவர் என்று யோசித்தால் பொருள் தானே பிடிபடும்.