பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான்

மணலிக்கு வடக்கே, கொசஸ்தலை ஆற்றுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவே இருக்கிறது சடையங்குப்பம். தெற்கே தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள், கிழக்கே எண்ணூர் கழிமுகம். பூண்டி ஏரியில் உபரி நீரைத் திறந்துவிட்டால் செய்தியில் அடிபடும் பெயர்களில் இதுவும் ஒன்று. கூடவே பர்மா நகர், இருளர் காலனி என்ற பெயர்களும் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து கழிமுகம்வரை படர்ந்தபோதும் இந்த வட்டாரம் தலைப்புச் செய்திக்கு வந்தது.

செய்தித்தாள் இந்த ஊருக்கு ஒதுக்கியிருக்கும் வகைமை பேரிடர். இன்னும் தெற்கே ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைக்கு வணிக சினிமா ஒதுக்கிய வகைமை ரவுடி படம். கத்தி, கானா, கடைசியில் துறைமுகத்தில் ஒரு சண்டை. வட சென்னையில் இரண்டு தலைமுறையாக வாழ்ந்தவர்களே தங்கள் தெருவை இந்த இரண்டில் ஒன்றாகப் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

ஆனால் இந்த நகரத்தின் கதை வரலாற்றில் இன்னொரு தடமும் உண்டு. பெரிய முதலாளி இல்லாமலும், இருந்தாலும் அவர் கணக்குக்கு முழுசாகக் கட்டுப்படாமலும் எடுத்த படங்கள் போட்ட தடம் அது. தமிழ்ப் புனைகதையும் அதில் ஏறி இறங்கி நடந்திருக்கிறது. அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரமான ஒற்றுமை தென்படும். பெரும்பாலானவற்றில் ஒரு பையன் இருக்கிறான். தோற்றுக்கொண்டிருக்கும் அப்பாவையோ அம்மாவையோ அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

முதல் பையன் ரோம் நகரத்தவன். 1952 ஜனவரி 24ஆம் தேதி பம்பாயில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. அடுத்து அது சென்னை, டெல்லி, கல்கத்தா என்று ஊர் ஊராகப் போனது. விட்டோரியோ டி சிகாவின் 'சைக்கிள் திருடர்கள்' அந்த விழாவில் வந்த படம். சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்த ஒருவனின் சைக்கிள் திருடு போகிறது. மகனைக் கூட்டிக்கொண்டு தேடுகிறான். கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருடி மகன் கண்ணெதிரில் மாட்டிக்கொள்கிறான். கதை அவ்வளவுதான். திருட்டைத் துப்பறியும் படமாகத் தொடங்கி, அப்பா மகன் படமாக முடிந்துவிடும். எந்த இடத்தில் மாறியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. அரங்க செட்டும் சரித்திர வசனமும் கோலோச்சிய சென்னையில் இதைப் பார்த்தவர்களுக்குச் சினிமாவைப் பற்றியிருந்த கணக்கு புரண்டிருக்க வேண்டும்.

வகைமையைக் கலைக்கும் ஆசை ஸ்டுடியோக்களுக்குள்ளும் எட்டிப் பார்த்தது. 1954இல் ஏவிஎம் தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' வந்தது. ஜப்பான் விமானம் சென்னை மேல் குண்டு போட்ட 1943 அக்டோபரில் நடக்கும் கொலை வழக்கு. பாட்டே கிடையாது. ஒவ்வொருவர் வாக்குமூலமும் கொலையானவனை வேறு ஆளாகக் காட்டும். துப்பறியும் கதை என்று போய் உட்கார்ந்தவர்களுக்குத் தேசபக்தி, தாம்பத்தியம், பேராசை எல்லாம் கலந்து கிடைத்தது. ஆனாலும் அது ஏவிஎம் படம். பின்னால் ஒரு ஸ்டுடியோவின் பலம் இருந்தது.

அந்தப் பலம் இல்லாமல் இறங்கியவர்களில் முக்கியமானவர் நிமாய் கோஷ். ஒளிப்பதிவாளர், வங்காளி, இடதுசாரி. கிழக்கு வங்கத்திலிருந்து விரட்டப்பட்ட அகதிகளைப் பற்றி, நிஜ அகதிகளையும் நடிக்கவைத்து, 'சின்னமூல்' என்ற படத்தை எடுத்தவர். பிறகு சென்னைக்கு வந்து இங்கேயே தங்கி, திரைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டுவதில் முன்னின்றார். 1960இல் இவர் இயக்கத்தில் வந்தது 'பாதை தெரியுது பார்'. தொழிலாளர்களைப் பற்றி, இடதுசாரி நண்பர்கள் கூடி உருவாக்கிய படம். எம். பி. சீனிவாசனின் இசையில் பாட்டு எழுதியவர்களில் ஜெயகாந்தனும் ஒருவர். படம் வசூலில் தோற்றது. ஆனால் பாட்டெழுத வந்த அந்தச் சிறுகதைக்காரர், ஸ்டுடியோ முதலாளி இல்லாமலும் சினிமா எடுக்க முடியும் என்பதைக் கிட்டே இருந்து பார்த்துவிட்டார்.

ஐந்து ஆண்டுகளில் அவரே இயக்குநராகிவிட்டார்.

'உன்னைப்போல் ஒருவன்' ஜெயகாந்தனின் நாவல். அதைப் படமாக எடுத்தவரும் அவரே. சென்னைச் சேரியில் தங்கம் என்ற உழைப்பாளிப் பெண், அவள் மகன் சிட்டி, அவள் வாழ்வில் வந்து சேரும் கிளி ஜோசியர் மாணிக்கம். அம்மாவின் புதிய உறவைச் சிட்டியால் சகிக்க முடியவில்லை. குழந்தை பெற்று அவள் இறந்துபோகிறாள். யாரை வெறுத்தானோ அவருடைய குழந்தையை அந்தப் பையனே ஏந்திக்கொள்கிறான். படத்தில் பாட்டு இல்லை. வீணை வித்வான் சிட்டிபாபு பின்னணி இசை அமைத்தார். 1964ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சத்யஜித் ராயின் 'சாருலதா' முதலிடம் பெற, மூன்றாவது சிறந்த படத்துக்கான சான்றிதழ் இதற்குக் கிடைத்தது.

இந்தக் கதையை மெலோடிராமாவாக எடுப்பது சுலபம். கெட்ட அம்மா, ஏமாற்றுக்கார ஜோசியர், அழுகிற பிள்ளை. சேரியின் வறுமையைக் காட்டும் பிரச்சாரப் படமாகவும் எடுக்கலாம். ஜெயகாந்தன் இரண்டுக்கும் பிடி கொடுக்கவில்லை. மாணிக்கத்தை வில்லனாக்காமல், தங்கத்தைத் தியாகச் சிலையாக்காமல் விட்டதால் கோபமெல்லாம் சிட்டியின் தலையில் வந்து இறங்கியது. எதை வெறுப்பது, எதைத் தூக்கி வளர்ப்பது என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டே அவர் 'யாருக்காக அழுதான்' குறுநாவலையும் படமாக்கினார். ஊரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த நாகேஷ், திருட்டுப் பழி சுமக்கும் ஜோசப்பாக அதில் வாயடைத்து நின்றார்.

சினிமாவிலிருந்து ஜெயகாந்தன் கைப்பொருளோடு திரும்பவில்லை. எழுதுவதற்கு விஷயத்தோடு திரும்பினார். 'சினிமாவுக்குப் போன சித்தாளு' என்ற குறுநாவல், திரை நாயகன் மேல் மயங்கிய ஒரு சென்னைச் சித்தாளின் வாழ்வு எப்படிச் சிதைகிறது என்பதைச் சொன்னது. கொட்டகைக்கு வெளியே நின்று எழுதிய சினிமாக் கதை என்று அதைச் சொல்லலாம். தன் பட அனுபவங்களை 'ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்' என்ற தனி நூலாகவும் எழுதினார்.

அதே காலத்தில் ஜெமினி ஸ்டுடியோவின் உள்ளிருந்து இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அசோகமித்திரன் அங்கே பதினான்கு ஆண்டு வேலை பார்த்தவர். வேலையை விட்டபின் அவர் எழுதிய 'கரைந்த நிழல்கள்' நாவலுக்குக் கதாநாயகன் இல்லை. தயாரிப்பு நிர்வாகி, உதவி இயக்குநர், கடனில் மூழ்கும் தயாரிப்பாளர் என்று ஒவ்வொரு அத்தியாயமும் ஆள் மாறி நகரும். முந்தின அத்தியாயத்தில் நாம் பரிதாபப்பட்டவர் அடுத்ததில் ஓரத்தில் ஒரு பெயராக வந்து போவார். எடுக்கப்படும் படம் என்ன ஆனது என்பதைவிட, எடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதே நாவல். சினிமாவின் வெட்டி ஒட்டும் உத்தியை உரைநடைக்குக் கொண்டுவந்தவர், சினிமாவின் நாயக வழிபாட்டை மட்டும் ஸ்டுடியோ வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் மாற்று சினிமா அங்கங்கே தலைகாட்டியது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு பொறியை எடுத்துக்கொண்டு மகேந்திரன் 1979இல் 'உதிரிப்பூக்கள்' செய்தார். ஒரு வீட்டைக் கட்டி முடிக்கப் படும் பாட்டை மட்டும் வைத்து பாலுமகேந்திரா 1988இல் 'வீடு' எடுத்தார். வட சென்னை மட்டும் வணிகப் படத்தின் அடியாள் வேடத்திலேயே நின்றது.

2011 ஜூன் 10ஆம் தேதி அந்த அடியாள் கதைக்குள்ளிருந்தே ஒரு பையன் எழுந்து வந்தான். தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' ஒரே நாளில் நடந்து முடிவது. எஸ். பி. பி. சரண் தயாரித்தார். முந்தைய ஆண்டே நியூயார்க்கின் தெற்காசியத் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு பெற்றிருந்தும், உள்ளூர்த் தணிக்கையோடு மல்லுக்கட்டித்தான் திரைக்கு வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது போதைப்பொருள் கும்பல்களின் சண்டை. ஆனால் கதைக்குச் சம்பந்தமே இல்லாத இருவர் நடுவில் வந்து மாட்டுகிறார்கள். சேவல் சண்டைக்காகச் சென்னைக்கு வந்த, சொத்தெல்லாம் இழந்த காளையன். அவன் மகன் கொடுக்காப்புளி. குடித்துக் கிடக்கும் அப்பனைக் காப்பாற்றும் பொறுப்பு மகன் தலையில் விழுகிறது.

இந்த இருவரை எடுத்துவிட்டால் நல்ல கேங்ஸ்டர் படம் ஒன்று மிஞ்சும். இவர்கள் இருப்பதால்தான் அது நகைச்சுவையாகிறது, திகிலாகிறது, அப்பன் மகன் கதையாகிறது. பெரியவர்கள் எல்லோருக்கும் தாங்கள் எந்த மாதிரிப் படத்தில் இருக்கிறோம் என்று தெரியும். அதற்கேற்ப முறைக்கிறார்கள், பேசுகிறார்கள். பையனுக்கு அது தெரியாது. அவனுக்கு அப்பா வேண்டும், அவ்வளவுதான். அவனுடைய தேவை கதையை வேறு வகைமைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. குமாரராஜா இதையே 2019இல் 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் பெரிதாக விரித்தார். அங்கே திருநங்கையாகத் திரும்பி வரும் அப்பாவை ஏற்கச் சின்னப் பையன் ராசுக்குட்டிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வரிசை தொடர்ந்தது. ம. மணிகண்டனின் 'காக்கா முட்டை' 2014இல் டொரொன்டோவிலும் 2015 ஜூனில் தமிழ்நாட்டிலும் திரைக்கு வந்தது. ரயில் பாதையில் சிந்தும் கரியைப் பொறுக்கி விற்கும் இரண்டு அண்ணன் தம்பிகள், சிறையில் அப்பா, இவர்களுக்கு பீட்சா தின்ன ஆசை. தேசிய விருது அதைச் சிறந்த குழந்தைகள் படம் என்றது. பார்த்தவர்களுக்கோ அது நில அரசியல் பற்றிய அங்கதமும்தான். 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வென்ற பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' மதுரைப் பக்கத்து வறண்ட மண்ணில் நடக்கிறது. குடிகார அப்பாவோடு போகும் பையன் பஸ் காசைக் கிழித்துப் போட, இருவரும் வெயிலில் நடந்தே திரும்புகிறார்கள்.

இந்தப் படங்கள் இப்படி அமைந்ததற்குக் கலைக்கொள்கை மட்டும் காரணமில்லை. காசில்லை. செட் போட முடியாது. தெருவிலேயே எடுக்க வேண்டும். நட்சத்திரம் கிடையாது, முகத்தை நம்ப வேண்டும். பாட்டும் சண்டையும் இல்லாத நேரத்தை நிரப்ப ஆட்களின் குணத்தைத் தவிர வேறு சரக்கு இல்லை. எழுத்தாளருக்குப் பேனா மையைத் தவிர செலவில்லாததால் இந்த நெருக்கடி தானாக வராது. ஒரே நாள், ஒரே தெரு, மூன்று பேர் என்று அவரே வேலி போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படி ஒரு பேட்டைக்குள் நின்று எழுதியவர் தமிழ்ப்பிரபா. சிந்தாதிரிப்பேட்டை மனிதர்களைப் பற்றிய அவருடைய 'பேட்டை' நாவல் 2018இல் வந்தது. பிறகு பா. ரஞ்சித்தோடு சேர்ந்து 'சார்பட்டா பரம்பரை'யை எழுதினார். அது சிறிய படமில்லை. ஆனாலும் 1970களின் வட சென்னைக் குத்துச்சண்டையையும் நெருக்கடி நிலை அரசியலையும் ஒரே கதையில் பின்னி, ரங்கன் வாத்தியாருக்கும் டான்சிங் ரோஸுக்கும் தனித்தனி உயிர் கொடுத்ததில் நாவலாசிரியரின் பழக்கம் தெரிகிறது. தண்டையார்பேட்டையின் அகஸ்தியா தியேட்டர் 2020இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை' அமேசான் பிரைமில் வெளியானது. வட சென்னை தன் கதையைக் கைபேசியில் பார்த்தது.

சடையங்குப்பம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. கொடுக்காப்புளி திரைக்கு வந்த அதே ஆண்டு. இங்கே வெள்ளத்தையும் எண்ணெயையும் தவிர வேறு கதைகளும் கிடக்கின்றன. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த இரண்டு ஆண்டில் கடைகள் அரசுடைமையானபின், ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாகத் தமிழர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பர்மா நகர் என்ற பெயரே அந்தப் பயணத்தின் மிச்சம். ஜெயகாந்தன் சிட்டியைப் படமாக்கிக்கொண்டிருந்த காலமும் அதுதான். நிமாய் கோஷ் கல்கத்தாவில் அகதிகளைப் படம் எடுத்தவர். அவர் குடியேறிய சென்னைக்கே அகதிகள் வந்து சேர்ந்தார்கள். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது 1969இல். வந்தவர்களின் பிள்ளைகள் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக எழும்பியதைப் பார்த்து வளர்ந்திருப்பார்கள்.

அது அகதிக் கதையா, ஆலைக் கதையா, ஆற்றுக் கதையா என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போகிற எழுத்தாளருக்கு மறுபடியும் ஒரு பேரிடர் செய்திதான் கிடைக்கும். 1964இல் பத்து வயதில் கப்பலிலிருந்து இறங்கிய பையனுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. அன்றைக்குத் துறைமுகத்தில் நின்ற தன் அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். எழுத நினைப்பவர்கள் சீக்கிரம் போய்க் கேட்பது நல்லது.