மாறிய வரிகள் மட்டும்

கட்டற்ற மென்பொருளுக்கு ஊர் பேர் தெரியாதவர்கள் நிரல் எழுதித் தருவதைப் பெருந்தன்மையின் கதையாகவே பலரும் சொல்கிறார்கள். கொடுப்பவருக்கு மனம் இருந்தது என்பது உண்மைதான். வாங்குபவர் எதை நம்பி வாங்கினார் என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. முகமறியாத ஒருவர் பெரிய கோப்பு ஒன்றைத் திருத்தி முழுதாக அனுப்பினால், எங்கே கைவைத்தார் என்று தேடவே பொழுது போய்விடும். இந்த முடிச்சை அவிழ்த்தவை இரண்டு சிறு கருவிகள். 1970களில் பெல் ஆய்வகத்தில் பிறந்த ‘டிஃப்’, இரு கோப்புகளுக்கிடையே மாறிய வரிகளை மட்டும் காட்டியது. 1985இல் லாரி வால் எழுதிய ‘பேட்ச்’, அந்த வரிகளை மூலக் கோப்பில் கொண்டுபோய் ஒட்டியது. வாங்குபவரின் பிரதி இதற்குள் சற்று மாறியிருந்தாலும், அக்கம்பக்கத்து வரிகளைத் தடம் வைத்து உரிய இடத்தைக் கண்டுபிடித்தது. எழுதியவர் யாரென்று தெரியாமலே, எழுதிய பத்து வரியைப் படித்து ஏற்கவோ தள்ளவோ வாங்குபவரால் முடிந்தது.

லினக்ஸின் வரலாறு இதற்குச் சான்று. 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்தத் திட்டம், 2002 வரை பதிப்புகளை மேலாளும் மென்பொருள் எதையும் சார்ந்திருக்கவில்லை. பேட்சுகளும் சுருக்கிக் கட்டிய கோப்புகளுமே கைமாறின. இன்று லினக்ஸின் பதிப்புகளை மேலாளும் கிட் வந்தது 2005இல்தான். அதற்குள் லினக்ஸ் உலகெங்கும் பரவிவிட்டது. 2003இல் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குத் தொடர்ந்து, லினக்ஸில் தன் நிரல் இருப்பதாகக் கூறியது. மறு ஆண்டே ஒவ்வொரு பேட்சின் அடியிலும், இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று ஒப்பமிடும் வழக்கம் வந்தது. பத்து வரிக்கும் ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும் என்றானது.

இன்று லினக்ஸுக்கு எழுதுபவர்களில் பெரும்பாலோர் நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள். அப்புறம் என்ன பங்களிப்பு என்று கேட்கலாம். ஒருவர் ஏன் எழுதுகிறார் என்பதற்குச் சம்பளம் பதிலாகலாம். அவர் எழுதியதைப் போட்டி நிறுவனத்துக்காரர் ஏன் ஏற்கிறார் என்பதற்கு அது பதிலாகாது. இதைவிடக் கனமான மறுப்பு, 2024இல் அம்பலமான, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் விவகாரம். புனைபெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்கான திருத்தங்களைத் தந்து, அந்தச் சுருக்கக் கருவியின் பராமரிப்பாளராகவே ஆகி, அதில் கள்ளக்கதவு வைத்தார். வரிகளைப் படிக்கும் முறையே ஏமாந்ததா? நான் அப்படிப் பார்க்கவில்லை. தீங்கான பகுதி சோதனைக்கு என்று சேர்த்த, மனிதர் படிக்கவியலாத இருமக் கோப்புகளில் பதுங்கியிருந்தது. அதை உயிர்ப்பிக்கும் துணுக்கு நிரல் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. வரிகள் ஈட்டித் தந்த நம்பிக்கை ஆளின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு படிப்பது நின்றுபோனது. அந்தக் கருவியைப் பராமரிக்க நெடுங்காலம் ஒரே ஒருவர்தான் இருந்தார், அதுவும் ஊதியமின்றி. அத்தனை வரிகளையும் அவர் ஒருவரே படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. கடைசியில் கள்ளத்தைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டும் அந்தத் திட்டத்தைச் சேர்ந்தவரல்லர். தன் கணினியில் எஸ்எஸ்எச் எனும் தொலைநுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, காரணத்தைத் தேடிப் போனவர் அவர்.