மலேசியாவில் ஜப்பானிய மொழியாசிரியர் உருவாக்கம்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மொழியில் பட்டம் பெறுவதும் அம்மொழியைக் கற்பிக்கும் தகுதி பெறுவதும் வெவ்வேறானவை. தமிழாசிரியர் உருவாக்கத்தில் ஈடுபட்டிருக்கும் நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஆயினும், இந்நாட்டில் பேசும் சமூகம் ஏதுமின்றிப் பள்ளிக்குள் வந்த ஓர் அயல்மொழியின் வரலாற்றில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. மலேசியாவில் ஜப்பானிய மொழியாசிரியர் உருவான வரலாற்றை அந்நோக்கில் ஈண்டு ஆராய்வோம்.

இம்மொழி பரவலாகப் பள்ளி புகுந்தது ஆதிக்கத்தின் வழியாகவே. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில், மலாயாவிலும் சியோனான் எனப் பெயர் மாற்றப்பட்ட சிங்கப்பூரிலும் நிப்பொங்கோ பள்ளிப்பாடமாயிற்று. தமிழ்ப்பள்ளிகளும் இதற்கு விலக்காகவில்லை. 1942இல் சிங்கப்பூரில் கவிஞர் ஜிம்போ கோத்தாரோவின் பொறுப்பில் ஒரு மொழிப்பள்ளியும் இயங்கியது. ஆனால் பள்ளிகள் தோறும் கற்பிக்கப் போதிய ஆளில்லை. ஆசிரியர்கள் தாங்கள் அரைகுறையாகக் கற்றதையே மறுநாள் வகுப்பில் ஒப்புவிக்க வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் பாடம் மறைந்தது. மூன்றரை ஆண்டுக்கால வற்புறுத்தல் ஓர் ஆசிரியர் மரபைத் தோற்றுவிக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

இரண்டாம் வருகை முற்றிலும் வேறான சூழலில் நிகழ்ந்தது. அன்றைய பிரதமர் மகாதீர் 1982இல் கிழக்கு நோக்கும் கொள்கையை நடைமுறைப்படுத்தினார். அவ்வாண்டே, ஜப்பானியப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் மாணவர்களை ஆயத்தப்படுத்தும் அம்பாங் அசுஹான் ஜெப்புன் மையம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்றது. இங்கு மொழி ஒரு கருவி மட்டுமே. பெரும்பாலோர் பொறியியல் பயிலவே சென்றனர். அவர்களிடமிருந்து மொழியாசிரியர்கள் தோன்றுவர் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

1984இல் முழு உறைவிடப் பள்ளிகள் சிலவற்றில் ஜப்பானியம் விருப்பப் பாடமாக அறிமுகமானது. கற்பித்தோர் ஜப்பான் வெளிநாட்டு ஒத்துழைப்புத் தொண்டர் படையைச் சேர்ந்த இளைஞர்கள். அவர்தம் பணிக்காலம் பொதுவாக இரண்டாண்டு. ஓர் ஆசிரியர் மாணவரின் இயல்பையும் பள்ளியின் நடைமுறையையும் அறிந்துகொள்ளும் வேளையில் ஊர் திரும்பிவிடுவார். அடுத்தவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்.

ஜப்பானிலும் இத்துறை அக்காலத்தேதான் உருப்பெற்றுக் கொண்டிருந்தது என்பது பலரும் மறந்துவிடும் செய்தி. 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் ஒரு லட்சம் அயல்நாட்டு மாணவர்களை ஏற்கும் திட்டம் 1983இல் அறிவிக்கப்பட்டது. அதனையொட்டி சுக்குபா பல்கலைக்கழகமும் தோக்கியோ அயல்மொழிப் பல்கலைக்கழகமும் 1985இல் ஜப்பானிய மொழிக்கெனத் தனிப் பட்டப்பிரிவுகளைத் தொடங்கின. 1989இல் உராவாவில் ஜப்பான் அறநிறுவனம் அயல்நாட்டு ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கழகத்தைத் திறந்தது. தாய்மொழியாளர் எவரும் அம்மொழியைப் பிறர்க்குக் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் அங்கும் மெல்லவே மறைந்தது. பதிவுபெற்ற ஜப்பானிய மொழியாசிரியர் என்னும் தேசியத் தகுதி 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது.

மலேசியக் கல்வி அமைச்சு 1990களில் ஆசிரியர்களை ஜப்பானுக்கு அனுப்பி அங்கேயே பட்டம் பெறச் செய்தது. செலவு மிகுந்த, ஆனால் ஆழமான வழி அது. உள்நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலம் ஜப்பானிய மொழிக்கும் மொழியியலுக்குமான இளங்கலைப் பட்டத்தை வழங்கலாயிற்று. அதே புலத்தில் தமிழுக்கும் அத்தகைய பட்டம் உண்டு. ஒரே கூரையின் கீழ்ப் பயிலும் இவ்விரு சாராரின் எதிர்காலம் மட்டும் ஒன்றல்ல. தமிழ் பயில்பவர் முன் தமிழ்ப்பள்ளி என்னும் பணிக்களம் விரிந்து கிடக்கிறது. ஜப்பானியம் பயில்பவரையோ ஜப்பானிய நிறுவனங்களும் அழைக்கின்றன. மேலும், மொழிப்பட்டம் மட்டும் அரசுப் பள்ளியில் ஆசிரியப் பணிக்குப் போதாது. கல்வியியற் பயிற்சி தனியே தேவைப்படுகிறது.

2000களின் நடுப்பகுதியில் ஜப்பானியம் வழக்கமான இடைநிலைப்பள்ளிகளுக்கும் விரிவடைந்தபோது அமைச்சு வேறொரு வழியை மேற்கொண்டது. பிற பாடங்களைக் கற்பித்து வந்த ஆசிரியர்களைத் தெரிந்து, கோலாலம்பூரில் உள்ள அனைத்துலக மொழிகள் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் ஏறத்தாழ ஓராண்டு ஜப்பானியம் பயிற்றுவித்தது. இதன் வலிமை வெளிப்படை. இவர்கள் வகுப்பறையை அறிந்தவர்கள், நிரந்தரப் பணியினர், இரண்டாண்டில் ஊர் திரும்பாதவர்கள். குறையும் வெளிப்படையே. 2009 வரை நடைமுறையிலிருந்த ஜப்பானிய மொழித்திறன் தேர்வின் அளவுகோலை நோக்குக: தொடக்கக் கல்வியின் நிறைவைக் குறிக்கும் மூன்றாம் நிலைக்கு ஏறத்தாழ 300 மணி நேரக் கல்வியும் 300 காஞ்சி எழுத்துகளும் வேண்டும், முதல் நிலைக்கு 900 மணி நேரமும் 2,000 எழுத்துகளும் வேண்டும். ஓராண்டுப் பயிற்சியில் இந்த இடைவெளியைக் கடந்து, கற்பிக்கும் முறையையும் பயில்வது எளிதன்று. எனினும், பயிற்சிக்குப் பின்னும் மொழியைத் தொடர்ந்து கற்க வாய்ப்பளிக்கப்படுமாயின், உள்ளூராசிரியரை முதன்மைப்படுத்திய இவ்வழியே பாடத்தின் நிலைபேற்றுக்கு ஏற்றது என்பது நம் கருத்து. பட்டத்தின் ஆழமும் பயிற்சியின் பக்குவமும் ஒருவரிடமே கூடிவரும் ஏற்பாட்டைப் பல்கலைக்கழகமும் பயிற்சிக் கழகமும் இணைந்தே அமைத்திருக்க வேண்டும்.

2014 முதல் ஜப்பான் அறநிறுவனம் நிஹோங்கோ பார்ட்னர்ஸ் என்னும் திட்டத்தின் கீழ்த் தென்கிழக்காசியப் பள்ளிகளுக்கு ஜப்பானியரை அனுப்பத் தொடங்கியது. மலேசியப் பள்ளிகளும் அவர்களை வரவேற்றன. 1984இல் வந்தவர்கள் ஆசிரியர்களாக வந்தனர். இவர்களோ உள்ளூர் ஜப்பானிய மொழியாசிரியருக்கு உதவியாளர்களாக வந்தனர்.